புல் ஏன் காயுது? செல்போனிலேயே பதில் சொல்லும் கோல்ப் மைதான 'சூப்பிரண்டு'கள்!

சிறுசேரி:

"நேத்து வரைக்கும் பச்சப்பசேல்னு இருந்துச்சே, இன்னைக்கு ஏன் இப்படி மண்ணாங்கட்டியா கிடக்கு?"

சிறுசேரி சிப்காட் ஐ.டி. பார்க் ஆகட்டும், ஓ.எம்.ஆர். பக்கம் உள்ள அடுக்குமாடி குடியிருப்பு ஆகட்டும், புல்தரையை பராமரிக்கும் தோட்டக்காரர்களுக்கு இந்தக் கேள்வி புதிது அல்ல. ஏன் காய்ந்தது என்பது அவர்களுக்கு தெரியும். ஆனால் கேட்கிறவர் மாடியில் ஏ.சி. அறையில் இருப்பார். பதில் சொல்ல வேண்டியவர் கீழே வெயிலில் குழாயைப் பிடித்தபடி நிற்பார். நடுவில் சூப்பர்வைசர், காண்டிராக்டர், மேனேஜர் என்று மூன்று நான்கு பேர். பதில் மேலே போய்ச் சேர்வதற்குள் திட்டு கீழே வந்து விடும்.

இதே பிரச்சினையில் பல ஆண்டு மாட்டிக்கொண்டு தவித்தவர்கள்தான் கோல்ப் மைதான சூப்பிரண்டுகள். கையில் செல்போன் வந்த பிறகு அதற்கு அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கோல்ப் பணக்காரர் விளையாட்டாக இருக்கலாம். ஆனால் அங்கே புல் வெட்டுகிறவர் கதை நம்ம ஊர் தோட்டக்காரர் கதைதான். அந்த வழி என்ன, அது எப்படி வேலை செய்கிறது? இதோ முழு விவரம்...

யார் இந்த சூப்பிரண்டு?

சூப்பிரண்டு என்றதும் போலீஸ் அதிகாரி ஞாபகம் வரும். இவர் வேற. கோல்ப் மைதானத்தின் புல், மண், தண்ணீர், உரம், மருந்து, எந்திரம், வேலையாட்கள் எல்லாவற்றுக்கும் பொறுப்பாளர்.

18 குழி கொண்ட முழு மைதானம் என்றால் சாதாரணமாக 100 முதல் 150 ஏக்கர் வரை இருக்கும். விடிவதற்கு முன்பே ஆட்களோடு இறங்கி, முதல் ஆட்டக்காரர் வருவதற்குள் புல்லை வெட்டி முடித்திருக்க வேண்டும். பந்து விழும் குழிகளையும் இடம் மாற்ற வேண்டும். ஆமாங்க, அந்தக் குழி ஒரே இடத்தில் இருக்காது. 10.8 சென்டி மீட்டர் அகலம் கொண்ட அதைச் சுற்றி எல்லோரும் மிதித்தால் புல் செத்துப்போகும். அதனால் அடிக்கடி பழைய குழியை மூடி வேறு இடத்தில் புதிய குழி போடுவார்கள்.

இந்த வேலைக்கு பழைய பெயர் 'கிரீன்கீப்பர்'. ஸ்காட்லாந்து நாட்டு செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் 19-ம் நூற்றாண்டில் வேலை பார்த்த ஓல்டு டாம் மாரிஸ் இந்தத் தொழிலின் முன்னோடி. புல் மேல் மணல் தூவினால் நன்றாக வளரும் என்பதை வழக்கமாக்கியவர் இவர்தான் என்பார்கள். 1821-ல் பிறந்த இவர் 1908-ல் இறந்தார்.

அமெரிக்காவில் 1926-ம் ஆண்டு செப்டம்பர் 13-ந் தேதி ஓகியோ மாநிலம் டொலிடோ நகரில் 60 கிரீன்கீப்பர்கள் ஒன்று கூடி சங்கம் தொடங்கினார்கள். அதன் முதல் தலைவர் ஜான் மார்லி. அந்தச் சங்கம்தான் பிற்பாடு 'கோல்ப் மைதான சூப்பிரண்டுகள் சங்கம்' என்று பெயர் மாறியது. தொழிலாளியாக பார்க்கப்பட்டவர் 'நான் நிபுணர்' என்று சொல்ல ஆரம்பித்தது அங்கே இருந்துதான்.

ஹீரோ நம்ம அருகம்புல்!

பிள்ளையாருக்கு வைக்கும் அருகம்புல்லை எல்லோருக்கும் தெரியும். உலகம் முழுக்க வெயில் நாடுகளில் கோல்ப் மைதானத்தை மூடி இருப்பது இந்தப் புல்தான். அங்கே அதன் பெயர் 'பெர்முடா'. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிப்டன் என்ற ஊர் ஆராய்ச்சி நிலையத்தில் அருகம்புல்லையும் அதன் ஆப்பிரிக்க சொந்தக்காரப் புல்லையும் கலந்து ஒட்டு ரகங்களை உருவாக்கினார்கள். இந்த ரகங்களில் விதை பிடிக்காது. தண்டை துண்டு துண்டாக வெட்டித்தான் நடவு செய்ய வேண்டும்.

குழி இருக்கும் பகுதிக்கு 'கிரீன்' என்று பெயர். அங்கே புல்லின் உயரம் சுமார் 3 மில்லி மீட்டர்தான்! ரெண்டு காசை அடுக்கி வைத்தால் வரும் உயரம். அவ்வளவு ஒட்ட வெட்டினால் எந்தப் புல்லுக்கும் உயிர் ஊசலாடும். ஒரு நாள் தண்ணீர் தவறினாலும், பூஞ்சை வந்தாலும் அடுத்த நாளே தெரிந்து விடும்.

அந்தப் பரப்பில் பந்து எவ்வளவு வேகமாக உருளும் என்று அளக்கவும் கருவி உண்டு. எட்வர்டு ஸ்டிம்ப்சன் என்பவர் 1935-ல் செய்தது. அதனால் அதற்கு 'ஸ்டிம்ப்மீட்டர்' என்று பெயர். பார்த்தால் ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. இப்போது இருப்பது 3 அடி நீள அலுமினிய பட்டை. அதில் பந்தை வைத்து மெதுவாக தூக்கினால் பந்து உருண்டு கீழே வரும். எத்தனை அடி தூரம் ஓடுகிறதோ அதுதான் வேகம். "போன வாரம் 10 அடி ஓடுச்சு, இந்த வாரம் 8 அடிதான் ஓடுது" என்று உறுப்பினர்கள் கணக்கு கேட்பார்கள்.

மோதல் எங்கே ஆரம்பிக்குது?

உறுப்பினர் பணம் கட்டுகிறார். அவருக்கு வருடம் 365 நாளும் பச்சையாக இருக்க வேண்டும். ஆனால் புல் அப்படி வளராது. அதை உயிரோடு வைக்க வேண்டுமானால் சில நாள் அதை அலங்கோலமாக்கித்தான் ஆக வேண்டும்.

இதற்கு நல்ல உதாரணம் 'துளை போடுதல்'. ஆயிரக்கணக்கான பேர் மிதித்தால் மண் இறுகிப்போகும். வேருக்கு காற்றும் தண்ணீரும் போகாது. அதனால் ஒரு எந்திரத்தை ஓட்டி, விரல் மொத்தத்துக்கு துளை போட்டு, மண்ணை உருளை உருளையாக வெளியே எடுப்பார்கள். அந்தத் துளையில் மணலை நிரப்புவார்கள். பார்ப்பதற்கு அம்மை போட்ட முகம் மாதிரி இருக்கும். ஆற இரண்டு மூன்று வாரம் பிடிக்கும்.

இதை முன்கூட்டியே அறியாமல் ஞாயிற்றுக்கிழமை மட்டையைத் தூக்கிக்கொண்டு வரும் உறுப்பினருக்கு கோபம் வராதா? "நல்லா இருந்த தரையை நாசம் பண்ணிட்டான்" என்று கமிட்டியிடம் புகார் போகும். புல்லைக் காப்பாற்ற செய்த வேலையே சூப்பிரண்டு வேலைக்கு உலை வைக்கும்.

இன்னொன்று உறைபனி. ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் புல் மேல் வெள்ளை போர்த்தி கிடக்கும் இல்லையா? அந்த நேரத்தில் புல் இலைக்குள் இருக்கும் நீரும் உறைந்து இருக்கும். மிதித்தால் இலை உள்ளுக்குள்ளேயே உடைந்து விடும். வெயில் ஏறியதும் காலடித்தடம் கறுப்பாக தெரியும். அதனால் குளிர் நாடுகளில் பனி உருகும் வரை ஆட்டத்தை தள்ளிப்போடுவார்கள். காத்திருக்கும் உறுப்பினருக்கோ, "சும்மா பனிதானே, இதுக்கு ஏன் ஒரு மணி நேரம் நிறுத்துறாங்க?" என்ற எரிச்சல்.

அடுத்தது மரம். அருகம்புல்லுக்கு நல்ல வெயில் வேண்டும். நிழலில் சோகை பிடித்த மாதிரி ஆகி விடும். கிரீன் பக்கத்தில் நிற்கும் மரத்தின் கிளையை கழித்தால், "மரத்தை வெட்டுறாங்க" என்று ஒரு கூச்சல். கழிக்காவிட்டால், "புல் வரலை" என்று இன்னொரு கூச்சல்.

நோட்டீஸ் போர்டில் இருந்து டுவிட்டர் வரை

முன்பெல்லாம் சூப்பிரண்டுக்கு இருந்த வழி ரெண்டே ரெண்டுதான். ஒன்று கிளப் வாசலில் நோட்டீஸ் போர்டு. இன்னொன்று மாதம் ஒரு முறை வரும் கிளப் செய்திமடல். நோட்டீஸ் போர்டை யாரும் நின்று படிப்பது இல்லை. செய்திமடல் கைக்கு வருவதற்குள் துளையும் ஆறி, புல்லும் முளைத்து விடும்.

2004-ல் பேஸ்புக் வந்தது. 2005-ல் யூ டியூப் வந்தது. 2006-ல் டுவிட்டர், 2009-ல் வாட்ஸ்-அப். இதில் சூப்பிரண்டுகளுக்கு ரொம்ப பிடித்துப்போனது டுவிட்டர்தான். 2023-ல் 'எக்ஸ்' என்று பெயர் மாறியதே, அதே டுவிட்டர். ஆரம்ப காலத்தில் அதில் 140 எழுத்துக்கு மேல் எழுத முடியாது. பக்கம் பக்கமாக எழுத நேரம் இல்லாத, மண்ணில் நிற்கிற ஆளுக்கு அது ரொம்ப தோதாக அமைந்தது. ஒரு போட்டோ, ரெண்டு வரி. முடிந்தது வேலை.

காலை 5 மணிக்கு பனி. 5.05-க்கு போட்டோ. "8 மணி வரை ஆட்டம் இல்லை. காலடி பட்டால் புல் இப்படி ஆகி விடும்" என்று கறுப்புத்தடம் படமும் சேர்த்து போட்டால், உறுப்பினர் வீட்டிலேயே இன்னொரு காபி குடித்து விட்டு மெதுவாக வருவார். அவருக்கு பெட்ரோலும் மிச்சம், கோபமும் மிச்சம்!

சூப்பிரண்டுகள் தங்களுக்குள் பேசவும் இதுவே உதவியது. ஒரு ஊரில் புல்லில் காசு அளவுக்கு வட்ட வட்டமாக வெளுத்தால், அதைப் படம் பிடித்து போடுவார்கள். அது 'டாலர் ஸ்பாட்' என்ற பூஞ்சை நோய். அமெரிக்க டாலர் காசு அளவுக்கு இருப்பதால் அந்தப் பெயர். அடுத்த மாநிலத்தில் இருப்பவர், "எங்க ஊர்லயும் வந்துடுச்சு, உஷார்" என்று பதில் போடுவார். முன்பு ஒரு வாரம் பிடித்த சேதி இப்போது ஒரு நிமிடத்தில் போகிறது.

கொரோனா காலத்தில் இதன் அருமை இன்னும் நன்றாக தெரிந்தது. 2020 மார்ச் மாதம் இங்கிலாந்தில் ஊரடங்கு போட்டதும் கோல்ப் மைதானங்கள் மூடப்பட்டன. மே 13-ந் தேதிதான் திறந்தார்கள். ஆனால் புல்லுக்கு ஏது ஊரடங்கு? கொஞ்சம் பேர் மட்டும் உள்ளே இருந்து அத்தியாவசிய பராமரிப்பு வேலை பார்த்தார்கள். வீட்டில் முடங்கிக் கிடந்த உறுப்பினர்கள் தங்கள் மைதானத்தை வீடியோவில்தான் பார்த்தார்கள். பந்து அடிக்க முடியாமல் இருந்த அந்த நாட்களில், தரையை யார் காப்பாற்றுகிறார்கள் என்பது பலருக்கு முதல் முறையாக கண்ணில் பட்டது.

என்னென்ன போடுறாங்க?

இந்தத் தொழிலில் வழக்கமாக போடப்படும் சேதிகள் இவைதான்:

* இன்று என்ன வேலை: எங்கே வெட்டு, எங்கே மணல், எங்கே மருந்து, எத்தனை மணி வரை.

* ஏன் அந்த வேலை: மண்ணை ஒரு துண்டு வெட்டி எடுத்து, வேர் எவ்வளவு ஆழம் போய் இருக்கிறது என்று அளவுகோல் வைத்து ஒரு போட்டோ. நூறு வார்த்தை சொல்வதை அந்த ஒரு படம் சொல்லி விடும்.

* முன்னே - பின்னே: துளை போட்ட அன்று ஒரு படம், 10-ம் நாள் ஒரு படம், 20-ம் நாள் ஒரு படம். ஆறுவது கண்ணெதிரே தெரியும்.

* மழை சேதம்: எங்கே தண்ணீர் நிற்கிறது, எந்தப் பக்கம் வண்டி ஓட்டக்கூடாது.

* உறுப்பினர் செய்ய வேண்டியது: பந்து மேலே இருந்து விழுந்தால் கிரீனில் சின்ன பள்ளம் விழும். உடனே சரி செய்தால் சில நாளில் ஆறும். விட்டு விட்டால் வாரக்கணக்கில் தழும்பாக நிற்கும். அதை எப்படி சரி செய்வது என்று அரை நிமிட வீடியோ.

* ஆட்கள்: யார் எந்திரம் ஓட்டுகிறார், யார் 20 வருடமாக வேலை பார்க்கிறார் என்று, அவர்கள் சம்மதத்தோடு ஒரு படம். முகம் தெரிந்த ஆளை யாரும் சட்டென்று திட்ட மாட்டார்கள் அல்லவா?

தண்ணீர்... தண்ணீர்!

இந்த விஷயத்தில் பெரிய தகராறு தண்ணீரில்தான் வருகிறது.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2012 முதல் சில ஆண்டுகள் கடும் வறட்சி. 2015 ஏப்ரல் 1-ந் தேதி, நகரங்களில் தண்ணீர் உபயோகத்தை 25 சதவீதம் குறைக்க வேண்டும் என்று கவர்னர் ஜெர்ரி பிரவுன் உத்தரவு போட்டார். 'ஜனங்களுக்கே தண்ணி இல்ல, பந்து விளையாட தண்ணியா?' என்ற கேள்வி கோல்ப் மைதானங்கள் மேல் பாய்ந்தது. ஒரு பக்கம் உறுப்பினருக்கு பதில் சொல்ல வேண்டும். மறுபக்கம் ஊருக்கே பதில் சொல்ல வேண்டும்.

அதே மாநிலத்தில் புகழ்பெற்ற பெப்பிள் பீச் மைதானம் 1994 முதலே சுத்திகரித்த கழிவுநீரை புல்லுக்கு பாய்ச்சி வருகிறது. இந்த மாதிரி விவரத்தை வெளியே சொல்லாமல் இருந்தால், குழாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் குடிதண்ணீரை வீணாக்குவதாகத்தான் ஜனங்கள் நினைப்பார்கள்.

2014-ல் இன்னொரு கூத்து நடந்தது. வட கரோலினாவில் உள்ள பைன்ஹர்ஸ்ட் 2-ம் எண் மைதானத்தில் அமெரிக்க ஓபன் போட்டி. அதற்கு சில ஆண்டுகளுக்கு முன்பு அங்கே ஏக்கர் கணக்கில் புல்லை எடுத்து விட்டு, பழையபடி மணலும் காட்டுப்புல்லுமாக விட்டிருந்தார்கள். தண்ணீர் தெளிக்கும் குழாய் முனைகளையும் பாதிக்கும் கீழே குறைத்து விட்டார்கள். டி.வி.யில் பார்த்தவர்களுக்கு மைதானம் பழுப்பாக தெரிந்தது. அப்போது தொழில் அதிபராக மட்டும் இருந்த டொனால்டு டிரம்ப், 'பார்க்கவே சகிக்கலை' என்கிற ரீதியில் டுவிட்டரில் கிண்டல் அடித்தார். 'தண்ணீர் மிச்சம்தானே முக்கியம்' என்று இன்னொரு பக்கம் வாதம். புல்லின் நிறத்துக்காக உலகமே டுவிட்டரில் சண்டை போட்டது அப்போதுதான்.

இது நம்ம பக்கத்துக்கு புதுசு இல்லை. 2019 ஜூன் மாதம் சென்னையில் ஏரிகள் வறண்டு, குடிதண்ணீருக்கு ஜனங்கள் குடத்தோடு அலைந்ததை யாரும் மறக்கவில்லை. ஓ.எம்.ஆர். சாலையில் பல ஐ.டி. கம்பெனிகள், 'வீட்டில் இருந்தே வேலை பாருங்க' என்று ஊழியர்களுக்கு சொன்னது அந்தச் சமயத்தில்தான். அப்படிப்பட்ட நாளில் ஒரு வளாகத்தில் மட்டும் புல் பச்சையாக இருந்தால், ரோட்டில் போகிறவன் என்ன நினைப்பான்? அது கழிவுநீரை சுத்திகரித்து பாய்ச்சும் தண்ணீர் என்று ஒரு போர்டாவது இருந்தால்தானே அவனுக்கு தெரியும்?

நம்ம ஊரு மைதானங்கள்

இந்தியாவுக்கு கோல்ப் வந்தது வெள்ளைக்காரர் காலத்தில். 1829-ல் தொடங்கிய ராயல் கல்கத்தா கோல்ப் கிளப்தான் பிரிட்டனுக்கு வெளியே மிகப் பழமையானது. தமிழ்நாட்டில் கொடைக்கானல் கோல்ப் கிளப் 1895-ல் தொடங்கியது. ஊட்டியிலும், குன்னூர் பக்கம் வெலிங்டனிலும் மைதானங்கள் உண்டு. கொடைக்கானலில் சூப்பிரண்டுக்கு புல்லோடு காட்டெருமை கவலையும் சேர்ந்து கொள்ளும். மேய்ச்சலுக்கு அது மைதானத்துக்குள்ளேயே வந்து விடுமே!

சென்னையில் நந்தனத்தில் காஸ்மோபாலிட்டன் கிளப் மைதானம் இருக்கிறது. கிண்டி ரேஸ் மைதானத்துக்குள் ஜிம்கானா கிளப் உறுப்பினர்கள் பல்லாண்டு காலம் கோல்ப் ஆடி வந்தார்கள். ரேஸ் கிளப்புக்கு கொடுத்த குத்தகையை ரத்து செய்து சுமார் 160 ஏக்கர் நிலத்தை 2024 செப்டம்பரில் தமிழக அரசு எடுத்துக்கொண்டது. விவகாரம் ஐகோர்ட்டுக்கும் போனது. நகரத்தின் நடுவில் உள்ள பச்சை நிலம் யாருக்கு, எதற்கு என்ற கேள்வி உறுப்பினர்களோடு நிற்காது, ஊர் முழுக்க எழும் என்பதற்கு இதுவே சாட்சி.

வெளிநாட்டு சூப்பிரண்டுக்கு டுவிட்டர் என்றால், நம்ம நாட்டில் கைகொடுப்பது வாட்ஸ்-அப் குரூப்தான். ஊர் சங்கம், குடியிருப்பு சங்கம், விளையாட்டு சங்கம் எதுவானாலும் சேதி இப்போது அதில்தானே ஓடுகிறது?

சேதி சொல்கிறவரை ஜனங்கள் எப்படி நம்புகிறார்கள் என்பதற்கு சென்னையிலேயே ஒரு உதாரணம் உண்டு. 'தமிழ்நாடு வெதர்மேன்' பிரதீப் ஜான். மழை வருமா, வராதா என்று சொல்வதோடு நிற்காமல், ஏன் வரும், ஏன் வராது என்பதையும் பேஸ்புக்கில் சாதாரண பேச்சில் விளக்கினார். 2015 வெள்ளம், 2016 வார்தா புயல் சமயங்களில் லட்சக்கணக்கானவர்கள் அவர் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். புல்லுக்கும் அதே சூத்திரம்தான். காரணத்தையும் சேர்த்து சொன்னால் ஜனங்கள் காது கொடுப்பார்கள்.

கத்தி மேல் நடக்கும் வேலை

இதில் ஆபத்து இல்லையா? நிறையவே இருக்கு.

ஒரு மூலையில் காய்ந்த புல்லை மட்டும் படம் எடுத்து, "பாருங்க லட்சணத்தை" என்று உறுப்பினரும் போடலாம். 100 ஏக்கரில் 99 ஏக்கர் நன்றாக இருந்தாலும் அந்தப் படம்தான் சுற்றும்.

சூப்பிரண்டு கோபத்தில், "நேத்து பள்ளத்தை மூடாம போன புண்ணியவான் யாரு?" என்று எழுதி விட்டால் அவ்வளவுதான். சேதி சொல்லப்போய் சண்டை வாங்கியது போல் ஆகும். இரவு 11 மணிக்கும் கேள்வி வரும். பதில் போடாவிட்டால், "பார்த்துட்டு பேசாம இருக்கான்" என்று பேச்சு வரும். அதிகம் பதிவு போட்டால், "வேலையை விட்டுட்டு போனை நோண்டுறான்" என்பார்கள்.

அதனால் அனுபவசாலிகள் சில கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் தொடங்குவது இல்லை. உறுப்பினர் பெயரையோ முகத்தையோ இழுப்பது இல்லை. கோபத்தில் எழுதுவது இல்லை. தப்பு நடந்து விட்டால் மறைக்காமல், என்ன ஆனது, எப்போது சரியாகும் என்று சொல்லி விடுவார்கள். காலையில் ஒரு நேரம், மாலையில் ஒரு நேரம் என்று வைத்துக்கொண்டு அப்போது மட்டும் பதில் போடுவார்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமான விதி ஒன்று உண்டு. முன்னாடி சொன்னால் அது தகவல். பின்னாடி சொன்னால் அது சாக்கு! துளை போடுவதற்கு ஒரு வாரம் முன்பு சொல்லும் அதே வாக்கியத்தை, துளை போட்ட மறுநாள் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

சிறுசேரிக்கு இதில் என்ன இருக்கு?

சிறுசேரி, நாவலூர், படூர், கேளம்பாக்கம் என்று இந்தச் சாலை முழுக்க புல்தரை இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களும் இருக்கிறார்கள். இவர்களுக்கு வரும் பிரச்சினைகள் எல்லாம் கோல்ப் சூப்பிரண்டுக்கு வருகிற அதே பிரச்சினைகள்தான்.

உயரமான கட்டிடங்களுக்கு நடுவே வெயில் படாத இடத்தில் அருகம்புல் ரகம் வராது. எத்தனை உரம் போட்டாலும் வீண். அங்கே நிழல் தாங்கும் வேறு வகைதான் வைக்க வேண்டும்.

கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பாகும்போது புல் நுனி கருகும். அது ஆள் தண்ணீர் விடாததால் அல்ல, விட்ட தண்ணீரே உப்பு என்பதால்! கோவளம், முட்டுக்காடு பக்கம் தோட்ட வேலை பார்ப்பவர்களுக்கு இதைத் தனியாக சொல்ல வேண்டியது இல்லை. கோல்ப் உலகில் இப்படிப்பட்ட கடலோர இடங்களுக்கு 'பாஸ்பாலம்' என்ற உப்பு தாங்கும் புல்லை வைக்கிறார்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு பருவமழையில் தண்ணீர் தேங்கினால் வேர் மூச்சு முட்டும். அந்த ஈரத்தில் எந்திரத்தை ஓட்டினால் மண் இறுகி, தரையே கெட்டுப்போகும். 'மழை விட்டு மூணு நாள் ஆச்சு, இன்னும் ஏன் புல் வெட்டலை?' என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

இதை எல்லாம் தெரிந்தவர் தோட்டக்காரர். ஆனால் சேதி போட வேண்டியவர் பராமரிப்பு மேனேஜரோ, குடியிருப்பு சங்கச் செயலாளரோதான். அவர்கள் ஐந்தே ஐந்து விஷயம் எழுதினால் போதும். என்ன வேலை? ஏன்? எப்போது? எத்தனை நாள்? நீங்கள் என்ன செய்ய வேண்டும்? அதோடு ஒரு போட்டோ. மாதிரிக்கு ஒன்று:

"அனைவருக்கும் வணக்கம். வரும் திங்கட்கிழமை காலை 6 மணிக்கு முன்பக்க புல்தரையில் துளை போட்டு மணல் நிரப்பும் வேலை நடக்கும். மண் இறுகி விட்டதால் வேருக்கு காற்று போகவில்லை. மூன்று வாரம் வரை தரை பார்க்க நன்றாக இருக்காது. அதுவரை பிள்ளைகள் பின்பக்க தரையில் விளையாடட்டும். பாய்ச்சுவது சுத்திகரித்த தண்ணீர், குடிதண்ணீர் அல்ல. 10 நாள் கழித்து படம் போடுகிறோம்."

இதை அடிக்க ஐந்து நிமிடம் ஆகுமா? இந்த ஐந்து நிமிடம் இல்லாததால்தான், திங்கட்கிழமை துளை போட்டவர் செவ்வாய்க்கிழமை ஆபீஸ் ரூமில் கைகட்டி நிற்க வேண்டி வருகிறது.

பத்தாம் நாள் படம் போடுவதாக சொல்லி இருந்தால், கட்டாயம் போட வேண்டும். அதில் தான் நம்பிக்கையே இருக்கிறது. அந்தப் படத்தின் கீழே வேலை பார்த்தவர்கள் பெயரையும், அவர்கள் சம்மதித்தால், போடலாம். துளை போட்டவர், மணல் சுமந்தவர், விடியற்காலை குழாயைத் திறந்தவர் என்று ஒவ்வொருவர் பெயரும் குரூப்பில் வந்தால், அடுத்த முறை புல் பழுக்கும்போது "யார் பார்த்த வேலை இது?" என்று யாரும் கத்த மாட்டார்கள். "என்ன ஆச்சுங்க?" என்று கேட்பார்கள்.